கிரவுன் மாத்தியாச்சு

மூன்று வாரமாக வண்டியின் பின்னாலிருந்து ஊளைச் சத்தம். டயர்தான் என்று நானே முடிவு கட்டி டயரை மாற்றியது தனிச் செலவு.

நாமக்கல் பட்டறையில் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "ஆக்ஸிலேட்டர் குடுத்தா கத்துதா, விட்டா கத்துதா?" விட்டால்தான். "அப்போ கிரவுனைக் கழட்டிப் பாத்துரலாம் தம்பி." கிரவுன் என்றால் பின் அச்சுக்குள் இருந்து சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம்.

அடி போல்ட்டைத் திறந்ததும் இறங்கிய ஆயிலில் ஜரிகை மாதிரி இரும்புத் தூள் மினுங்கியது. சீல் கசிந்து ஆயில் குறைந்ததை நான் கவனிக்கவே இல்லை. கிரவுனைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் இரண்டு பல் மூளி.

பழைய பார்ட்ஸ் கடையில் கிரவுனும் பினியனும் சேர்ந்த முழு டிஃபரன்ஷியலே கிடைத்தது. அண்ணன் வாங்க விடவில்லை, பல்லை எண்ணச் சொன்னார். நம்முடையது கிரவுனில் 41 பல், பினியனில் 8. அது 37க்கு 8. மாட்டினால் பைபாஸில் நன்றாகப் பறக்கும். லோடோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது மூச்சு முட்டும். நான்காவது கடையில்தான் சரியானது அமைந்தது. அளவு காட்டும் டயல் வைத்து, ஷிம் என்கிற மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றிப் பல்லுக்கு இடையிலான பிளேயை, அதாவது இடைவெளியைச் சரிபார்க்கவே அரை நாள்.

இரண்டு நாள் வாடகை போச்சு. சரி, போகட்டும். பின்னால் இப்போது சத்தமே இல்லை. அதனால் இடது கதவு கடகடப்பது காதில் விழ ஆரம்பித்திருக்கிறது.