நாலாவது தடவை வெடிக்காத நீலம்

நேற்று ராத்திரி டப்பாவைத் திறந்து விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒட்டவில்லை, வெடிப்பும் இல்லை. வீட்டிலேயே வாட்டர்கலர் வில்லை செய்து பார்க்கிறேன். நாலாவது தடவை ஊற்றிய அல்ட்ராமரின் நீல வில்லை மும்பை மாட்டுங்காவின் மழைக்கால ஈரத்தைத் தாங்கிவிட்டது!

அதற்கான வண்ணப் பொடி லண்டனில் வாங்கியது. மே மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது பிரிட்டிஷ் மியூசியத்துக்கென்று ஒரு நாள் ஒதுக்கினோம். அதில் பாதி நாள் அதே கிரேட் ரஸ்ஸல் தெருவில், 105ஆம் எண் கடையில் போய்விட்டது. எல். கார்னெலிசன் அண்ட் சன், 1855இல் தொடங்கிய கடை. சுவர் முழுக்க மரத்தட்டுகள், தட்டு முழுக்கக் கண்ணாடி ஜாடிகளில் வண்ணப் பொடிகள். புத்தகத்தில் பெயராக மட்டும் படித்த நிறங்களை அங்கே பொடியாகப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. ஆப்கானிஸ்தானின் லாபிஸ் கல்லிலிருந்து எடுக்கும் அசல் நீலம் நம் கைக்கு எட்டாத விலை. செயற்கை அல்ட்ராமரின் வாங்கிக்கொண்டேன். 1820களில் பிரான்சில் கண்டுபிடித்த முறை. நிறம் தரும் பொருள் இரண்டிலும் ஒன்றுதான்.

பொடியைப் பிசினோடு அரைக்கிற கண்ணாடிக் குழவியும் அங்கேயே எடுத்துக்கொண்டேன். அரைக்கும் பலகை கனம் என்பதால் இங்கே வந்து 10 மி.மீ. கண்ணாடியில் ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி வாங்கினேன். நான் அதிகம் மெனக்கெட்டது இந்தப் பலகையில்தான். வழவழப்பான கண்ணாடியில் குழவி வழுக்கும், இல்லையென்றால் அட்டைபோல் ஒட்டிக்கொள்ளும். (ஒட்டினால் மேலே இழுக்காதீர்கள், ஓரத்துக்கு நகர்த்தி எடுங்கள்.) நாக்தேவி தெருவில் கண்ணாடியைச் சொரசொரப்பாக்கும் 220 நம்பர் கார்போரண்டம் பொடி கிடைத்தது. அரை ஸ்பூன் பொடி, கொஞ்சம் தண்ணீர், குழவியால் எட்டு வடிவத்தில் தேய்ப்பு. முதலில் பல் கூசுகிற கரகர சத்தம். சத்தம் அடங்கியதும் துடைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அங்கங்கே பளபளப்புத் திட்டு தெரியும். மறுபடி பொடி, மறுபடி தேய்ப்பு. ஒரு திட்டுகூட இல்லாமல் பால்கண்ணாடி மாதிரி ஆக மூன்று சாயங்காலம் பிடித்தது. அந்தச் சொரசொரப்பு இருந்தால்தான் பொடியும் பிசினும் குழவிக்கடியில் சரியாகக் கலக்கும். குழவி துகளை உடைப்பதில்லை, கட்டியைப் பிரித்து ஒவ்வொரு துகளையும் பிசினில் நனைக்கிறது.

பிசின் கரைசல் வழக்கமானதுதான்: ஒரு பங்கு கம் அராபிக் (வேலமரப் பிசின்), இரண்டு பங்கு வெந்நீர், ராத்திரி ஊற வைத்து வடிகட்டி, ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய். சிக்கல் அதில் சேர்க்கிற தேனில் இருந்தது. குறித்து வைத்திருந்த அளவு நாலு ஸ்பூன் கரைசலுக்கு ஒரு ஸ்பூன் தேன். ஜூலையில் அது பத்து நாளாகியும் காயவில்லை. தேனே இல்லாமல் ஊற்றினேன், வறண்ட ஏரி மாதிரி வெடித்தது. அரை ஸ்பூன் விட்டதும் பிசுபிசுத்தது. இப்போது கால் ஸ்பூன். விழுதை ஊற்றுவதும் மூன்று அடுக்காக, முந்தின அடுக்கு காய்ந்த பிறகே அடுத்தது.

“சந்தனம் அரைக்கிற மாதிரி அரைடி, தண்ணியை ஒரேயடியா ஊத்தாதே” என்றாள் அம்மா. அது அப்படியே சரி. துளித்துளியாக விட்டபோதுதான் விழுது வெண்ணெய்போல் திரண்டது.

அம்மா இன்னொன்றும் செய்தாள். சமையல் மேடையில் சிந்திய நீலத்தைப் போக்க எலுமிச்சை மூடியால் தேய்த்தாள். கண்ணெதிரே நீலம் வெளுத்துச் சாம்பலாகி, லேசாக அழுகிய முட்டை வாடை வந்தது. அல்ட்ராமரினில் கந்தகம் உண்டு, அமிலம் பட்டால் நிறம் செத்துவிடும். பலகையைக் கழுவும்போது எலுமிச்சை, வினிகர் பக்கமே போகாதீர்கள்.

அடுத்து செய்யப்போகும் காவிக்கு இந்தத் தொல்லை இல்லை, அது இரும்புத் துரு. கோலத்துக்குக் கரை கட்டுகிற காவிக்கட்டியை மார்க்கெட் பக்கத்துப் பூஜைச் சாமான் கடையில் கால் கிலோ வாங்கி, இடித்து, இரண்டு பாட்டில் தண்ணீரில் கரைத்து வைத்திருக்கிறேன். மணல் அடியில் தங்கிவிட்டது. மேலே நிற்கும் செந்நீரை நாளைக்கு வேறு பாட்டிலுக்கு மாற்ற வேண்டும்.

நீலத்தில் இன்னும் ஐந்து வில்லைக்கு மூன்றாவது அடுக்கு பாக்கி. அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன், அங்கே சீக்கிரம் காய்கிறது.