ஸ்பெக்டரின் நடுப்பாதை எங்கே முடிந்தது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஆர்லன் ஸ்பெக்டர் 1981 முதல் 2011 வரை 30 ஆண்டுகள் செனட்டர். குடியரசுக் கட்சிக்காரர்தான். ஆனாலும் 1987-இல் ரேகன் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்த ராபர்ட் போர்க்கை எதிர்த்து வாக்களித்தார். 1999-இல் கிளின்டன் மீதான பதவிநீக்க விசாரணையில் ஸ்காட்லாந்துச் சட்டத்தைத் துணைக்கழைத்து, 'நிரூபிக்கப்படவில்லை, ஆகவே குற்றவாளி இல்லை' என்றார். வக்கீல் புத்தி!

நடுவாந்தர ஆளுக்குக் கண்டம் பொதுத்தேர்தலில் இல்லை, கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில்தான். பென்சில்வேனியாவில் அந்தந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே அதில் வாக்களிக்க முடியும். 2004-இல் அதில் தன்னை எதிர்த்து நின்ற பாட் டூமியிடம் சுமார் 17,000 வாக்கில் தப்பினார் ஸ்பெக்டர். அதற்குப் பிறகு மிதவாதிகள் பலர் கட்சிப் பதிவை மாற்றிக்கொள்ள, அவரைக் காப்பாற்றிய வாக்குகளே கரைந்தன.

2009 பிப்ரவரியில் ஒபாமாவின் 78,700 கோடி டாலர் ஊக்கத் திட்டம் வந்தது. செனட்டில் அதற்குத் தேவை 60 வாக்கு. கிடைத்தது சரியாக 60. அதில் குடியரசுக் கட்சியினர் மூவர்: காலின்ஸ், ஸ்னோ, ஸ்பெக்டர். பேரத்தில் மருத்துவ ஆராய்ச்சிக்குச் சுமார் 1,000 கோடி டாலர் வாங்கினார் ஸ்பெக்டர். என் கணக்கில் அவருடைய ஆகப்பெரிய சாதனை அதுதான்.

விலையும் அதுவே. அந்த வாக்கால் சொந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஜெயிப்பது கடினமாக, ஏப்ரல் 28-இல் ஜனநாயகக் கட்சிக்குத் தாவினார். அங்கே கமிட்டிகளில் கடைசி நாற்காலிதான் கிடைத்தது. மறுபடி ஜெயிக்கவே மாறினேன் என்ற பொருளில் அவர் சொன்னதையே, அங்கே உட்கட்சித் தேர்தலில் எதிர்த்து நின்ற ஜோ செஸ்டாக் விளம்பரமாக்கினார். 2010 மே மாதம் அந்தத் தேர்தலில் ஸ்பெக்டர் தோற்றார். நவம்பரில் அந்த இடத்தைப் பிடித்தவர் அதே டூமி.