மல்லிகை மைக்ரோ எகனாமிக்ஸ்
ஆன்லைன் டிகிரியில் இப்போது நுண்பொருளியல் இரண்டாம் தாள். வீடியோவில் சார் காபி, டீ உதாரணத்தையே சுற்றிச் சுற்றி வருகிறார். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டைக் காட்டியிருந்தால் சட்டென்று புரிந்திருக்கும்.

பனிக்காலத்தில் மல்லி வரத்து குறையும். வந்த பூவை நாளைக்கு என்று எடுத்துவைக்கவும் முடியாது. ஆக, அன்றைய அளிப்புக் கோடு கிட்டத்தட்ட செங்குத்து: விலை எவ்வளவு ஏறினாலும் அன்றைக்குப் பூ கூடாது. பொருளியலாளர் மார்ஷல் இதை மீனை வைத்துச் சொன்னார். தை முகூர்த்தத்தில் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டினாலும் கல்யாண வீட்டார் வாங்கியே தீருவார்கள்: நெகிழ்ச்சி குறைந்த தேவை. தினமும் ஒரு முழம் வைக்கும் எங்கள் அத்தை மட்டும் கனகாம்பரத்துக்கு மாறிவிடுவார். அது பதிலீட்டு விளைவு. (விலை ஏறியதால் கையிலிருக்கும் காசின் மதிப்பு குறையும் வருமான விளைவும் கொஞ்சம் உண்டு; இரண்டையும் பொருளியலாளர் ஸ்லட்ஸ்கி 1915-இல் பிரித்துக் காட்டிய கணக்கு.)

பட்ஜெட்டுக்குள் அதிகபட்ச திருப்தியைக் கணக்கிட உதவும் லக்ராஞ்சு பெருக்கிதான் இன்னும் படுத்துகிறது. கே.கே. நகர் பக்கம் சொல்லித்தர யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாங்க.