வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) உழவு மெசின் புதைந்தால்
டவுனில் றோட்டு விபத்து அதிகம். ஆனால் ஆள்தொகைக்கு எத்தனை சாவு என்று பார்த்தால், பல நாடுகளில் கிராமப்புறம்தான் முன்னுக்கு நிற்கிறது. தூரம் ஒரு பெரிய காரணம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் காயப்பட்டவர் ஆசுபத்திரி சேரும் நேரமும் வாவிக்கு மேற்கே வெல்லாவெளிக்கு அப்பால் வட்டைக்குள் காயப்பட்டவர் சேரும் நேரமும் ஒன்றல்ல.

இப்ப வெள்ளாண்மைக்கு இறங்குறவங்க கவனியுங்க. நாலு சில்லு மெசின் சுரியில் (சேற்றில்) புதைந்தால் பின்சில்லில் மரக்கட்டை கட்டி முன்னுக்கு எடுக்கவே கூடாது. சில்லு சுற்ற முடியாமல் இறுகினால் என்ஜினின் வலு மெசினையே அச்சைச் சுற்றித் தூக்கும். முன்பக்கம் எழும்பி ஒன்றிரண்டு வினாடிக்குள் ஓட்டுறவர்மேல் மல்லாக்கக் கவிழும். கிளச்சை மிதிக்கவும் நேரமிராது. சில்லுக்குப் பின்னால் மண்ணை வெட்டி றிவேசில் எடுங்க. இன்னொரு மெசினால் இழுப்பதென்றால் இழுக்கிற மெசினின் கீழ்க் கொழுவியில் மட்டும் கயிறு. அச்சுக்கு மேலே கட்டினால் அதுவும் இப்படித்தான் கவிழும்.

இரத்தம் பீறிட்டால் சாரத்தை மடித்து இரு கையாலும் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்க. எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைகிற இரத்தம் கலைந்துவிடும். அதற்குள் மற்றவர் 1990 அம்புலன்சுக்கு அடிக்கட்டும். வாய்க்கால் றோட்டுச் சந்தியில் ஒருவரை நிறுத்துங்க, வண்டி வழிதேடி அலையக்கூடாது.