ட்ரிகர் ஓடியது, பெயர் மட்டும் மாறவே இல்லை

எங்கள் நூலக உறுப்பினர் பதிவேட்டில் 'கௌரி' என்று தேடினால் மூன்று பேர்தான் வந்தார்கள், இருப்பதோ ஐந்து பேர். மீதி இருவரை யாரோ ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ள எழுத்தும் போட்டு 'கெளரி' என்று அடித்து வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், டேட்டாபேஸுக்கு வேறு வேறு.

எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸில், 13-ஆம் பதிப்பிலிருந்து, ஒரே எழுத்தின் வேறு வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கும் நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 'கொ'வை ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகச் சேமித்திருந்தால் அது சரிசெய்துவிடும். ஆனால் ள தனி எழுத்து என்பதால் கெளரியைத் தொடாது. ஒட்டுமொத்தமாக மாற்றவும் வழியில்லை, வெள்ளையம்மாள் பெயர் கெட்டுவிடும். ள-வுக்கு அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் விட்டுவிடு, இல்லையென்றால் மாற்று என்பதுதான் நான் வைத்த விதி. இதைப் பைத்தானில் எழுதுவது எனக்கு எளிது, அதனால் பிஎல்/பைத்தானில் (போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே பைத்தான் எழுத உதவுவது) ட்ரிகர், அதாவது பதிவு சேரும்போதோ மாறும்போதோ தானாக ஓடும் ஃபங்ஷன்.

முதல் முட்டுக்கட்டை அனுமதி. டேட்டாபேஸில் பிஎல்/பைத்தானின் பெயர் பிஎல்பைத்தான்3யூ. அதன் கடைசியில் இருக்கும் 'யூ' அன்ட்ரஸ்டட் (நம்பி எல்லோருக்கும் தர முடியாதது) என்பதைக் குறிக்கிறது, சர்வரின் ஃபைல்களையே தொடக்கூடிய மொழி என்பதால் சூப்பர்யூசர் (எல்லா அனுமதியும் உள்ள கணக்கு) மட்டுமே அதில் ஃபங்ஷன் உருவாக்க முடியும். சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் மூன்று முறை போனேன். இரண்டு முறை "அதெல்லாம் தர முடியாது" என்ற ஒரே பதில், காரணம்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் முறை ஃபங்ஷனை முழுதாக எழுதிக் கையில் கொடுத்து, "நீங்களே பார்த்துவிட்டு ஓட்டுங்கள்" என்றதும் பத்தே நிமிடத்தில் முடிந்தது. முதலிலேயே அப்படிப் போயிருக்கலாம். மேனேஜ்டு கிளவுடில் (வேறு நிறுவனம் பார்த்துக்கொள்ளும் சர்வரில்) இருப்பவர்கள் எழுத ஆரம்பிக்கும் முன்பே பிஎல்பைத்தான்3யூ எக்ஸ்டென்ஷன் கிடைக்குமா என்று பாருங்கள், பெரும்பாலும் கிடைக்காது.

அப்புறம்தான் உண்மையான வேதனை. இன்சர்ட் (புதிதாகச் சேர்ப்பது), அப்டேட் (இருப்பதை மாற்றுவது) இரண்டுக்கும் முன்னால் ஓடும்படி ட்ரிகர் வைத்தேன். ட்ரிகருக்குப் பதிவின் விவரங்களைத் தரும் டிடி அகராதியின் 'நியூ'வுக்குள் (புதிய பதிவுக்குள்) இருக்கும் பெயரை எடுத்துத் திருத்தி அங்கேயே போட்டேன். திரையில் செய்தி காட்டும் பிஎல்பை.நோட்டீஸ் வைத்துப் பார்த்தால் (பிரின்ட் போட்டால் உங்கள் திரைக்கு வராது, வீணாகத் தேடாதீர்கள்) 'கௌரி' என்று அழகாகக் காட்டுகிறது, டேபிளைத் திறந்தால் பழைய 'கெளரி'யே உட்கார்ந்திருக்கிறது. எர்ரர் இல்லை, வார்னிங்கும் இல்லை. எழுத்தைத் தேடி மாற்றும் ரெகுலர் எக்ஸ்பிரஷனைச் சந்தேகப்பட்டேன், என்கோடிங்கைச் சந்தேகப்பட்டேன், வேறு ஏதோ ட்ரிகர் பின்னால் வந்து அழிக்கிறதோ என்று டேபிளில் இருந்த மற்ற ட்ரிகர்களையெல்லாம் நிறுத்திப் பார்த்தேன். ஒன்றரை நாள் போனது.

கடைசியில் விஷயம் ஒரே ஒரு வரி. வரிசையை, அதாவது டேபிளில் உள்ள ஒரு பதிவை, மாற்றினால் 'மாடிஃபை' என்ற சரத்தை ரிட்டர்ன் செய்ய வேண்டும். எதுவும் திருப்பாவிட்டால் அது பைத்தானின் 'ஒன்றுமில்லை'யான நன், அதாவது 'வரிசை வந்தபடியே போகட்டும்' என்று பொருள், நாம் செய்த திருத்தம் சத்தமில்லாமல் குப்பைக்குப் போய்விடும். போஸ்ட்கிரெஸின் சொந்த மொழியான பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் பழகியவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. அங்கே இதே இடத்தில் நல் (வெற்று மதிப்பு) திருப்பினால் அந்த வரிசையே சேராது, இங்கே அதற்கு 'ஸ்கிப்' என்று சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் 'நியூ'வையே திருப்பினால் எர்ரராவது வரும், அது எவ்வளவோ மேல்.

இன்னொன்று. திருத்தும் விதியைத் தனி பைத்தான் ஃபைலில் வைத்து இம்போர்ட் செய்திருந்தேன். அதில் ஒரு மாற்றம் செய்தால் சில பதிவுகளுக்குப் புது விதி, சிலவற்றுக்குப் பழையது. கனெக்ஷன் பூலில் (மறுபடி பயன்படுத்தத் திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பில்) ஏற்கெனவே திறந்திருக்கும் ஒவ்வொரு இணைப்பும் தான் முதலில் ஏற்றிய மாட்யூலையே (அந்தப் பைத்தான் ஃபைலையே) பிடித்துக்கொண்டிருக்கும் என்பது அப்போதுதான் புரிந்தது. பூலை ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது. இப்போது விதி முழுவதும் ஃபங்ஷனுக்குள்ளேயே இருக்கிறது.

பழைய பதிவுகளுக்கு, பெயரை அதே பெயராகவே வைக்கும் ஒரு அப்டேட் ஓட்டினேன், ட்ரிகர் ஒவ்வொன்றையும் தொட்டுத் திருத்தும் அல்லவா. பாதியில், ஒரே பெயரும் தொலைபேசி எண்ணும் இரண்டு முறை வராமல் பார்த்துக்கொள்ளும் யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் தடுத்துவிட்டது. பார்த்தால் ஒரே தொலைபேசி எண்ணில் ஒரு கௌரியும் ஒரு கெளரியும், ஒரே ஆள் இரண்டு முறை சேர்ந்திருக்கிறார். அவருடைய புத்தகக் கணக்கை ஒன்றாக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன், முழுதாக முடிந்தது. இப்போது தேடினால் நான்கு பேர் வருகிறார்கள், நான்கு பேரும் வேறு வேறு ஆட்கள்.