திரும்பி வராத பதினெட்டு கிரெடிட்டுகள்

2009ஆம் ஆண்டு ஜெர்மனியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது ஒரு செமஸ்டர் பிரான்சுக்குச் சென்று படித்துவிட்டு வந்தேன். ஐரோப்பிய நாடுகளுக்கிடையே மாணவர்கள் சென்று படிக்க உதவும் எராஸ்மஸ் திட்டத்தின் கீழ்ச் சென்றதால் அங்கே தனியாகக் கல்விக் கட்டணம் கேட்கவில்லை; மாதந்தோறும் சிறிய உதவித்தொகையும் கிடைத்தது. பாடத்துக்கு ஆறு கிரெடிட் (படிப்பின் உழைப்பை அளக்கும் அலகு) வீதம் ஐந்து பாடங்கள் படித்து, ஐந்திலும் தேர்ச்சி பெற்றேன். திரும்பி வந்ததும் என் துறை அவற்றில் இரண்டை மட்டுமே ஏற்றுக்கொண்டது. மீதி மூன்றில் ஒன்று எங்கள் பாடத்திட்டத்தோடு போதிய அளவு பொருந்தவில்லை என்றார்கள். இன்னொன்று முதுகலைத் தரத்தில் இல்லை என்றார்கள். மூன்றாவதற்குரிய சான்றிதழ் உரிய தேதிக்குள் வந்து சேரவில்லை என்றார்கள். அந்த மூன்று பாடங்களையும் மறுபடியும் படித்துத் தேர்வெழுதி, நான் எதிர்பார்த்ததைவிட ஒரு செமஸ்டர் தாமதமாகப் பட்டம் பெற்றேன்.

ஏற்றுக்கொள்ளப்பட்ட இரண்டிலும் ஒரு சிக்கல் இருந்தது. அவற்றில் ஒன்றில் நான் இருபதுக்குப் பதின்மூன்று வாங்கியிருந்தேன். பிரான்சில் பத்து எடுத்தாலே தேர்ச்சி. பதினான்கைத் தாண்டுவது அரிது. பதினாறு வாங்கியவரை ‘மிக நன்று’ என்று வகைப்படுத்துவார்கள். இருபது என்பது ஏறக்குறைய யாருக்கும் கிடைக்காத எண். ஆனால் ஜெர்மனியில் அயல்நாட்டு மதிப்பெண்களை மாற்றுவதற்குப் பரவலாகப் பயன்படும் பவேரிய வாய்பாடு, இருபதையும் எட்டக்கூடிய உச்சமாகவே எடுத்துக்கொள்கிறது. ஜெர்மனியில் 1 என்பது மிகச் சிறந்த மதிப்பு, 4 என்பது கடைசித் தேர்ச்சி. அந்தக் கணக்கில் என் 13, 3.1 ஆயிற்று. பிரான்சில் ‘மிக நன்று’ பெறும் 16கூட அந்தக் கணக்கில் 2.2தான். கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த எண்ணைக் கொடுத்த வகுப்பில் மற்றவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இரு துறைகளுக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தபோதிலும், ஒரு பக்கத்தின் மதிப்பெண் பரவலை மறுபக்கத்துக்கு அனுப்பும் வழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை.

பிற்பாடு இத்தாலியக் கல்வியாளர் சோஃபியா கொர்ராதியின் கதையை அறிந்தபோது, என் ஏமாற்றம் எவ்வளவு பழைய வகையைச் சேர்ந்தது என்பது புரிந்தது. ரோமில் சட்டம் படித்துக்கொண்டிருந்த அவர், அமெரிக்க உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்று முதுகலைப் பட்டம் பெற்று 1958இல் திரும்பினார். அந்தப் படிப்பைத் தன் பல்கலைக்கழகம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று நம்பிக் கேட்டபோது அவரை இகழ்ந்து அனுப்பிவிட்டார்கள். அதை அவர் மறக்கவில்லை. 1969இல், இத்தாலியப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களின் மாநாட்டுக்கு ஆலோசகராக இருந்தபோது, மாணவர்கள் வெளிநாட்டில் படித்த காலத்தைத் தாய்ப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்ற முன்மொழிவை எழுதினார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1987இல், எராஸ்மஸ் திட்டம் பிறந்தது. முதல் ஆண்டில் பதினொரு நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் சென்றனர். இத்திட்டத்தின் தாய் என்று அவரை அழைப்பதை நான் மிகையாக நினைக்கவில்லை. பயணத்தைவிட, திரும்பி வருபவருக்கு நடக்கும் அவமதிப்பே அவருடைய கவலையாக இருந்தது என்பதை மட்டும், திட்டத்தைக் கொண்டாடும் கூட்டங்களில் நாம் எளிதாக மறந்துவிடுகிறோம்.

விதிகள் இல்லை என்று சொல்ல முடியாது. ஓர் ஆண்டின் முழுநேரப் படிப்பு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்ற பொது அளவை 1989இல் எராஸ்மஸுக்குள்ளேயே சோதனையாகத் தொடங்கி, இன்று ஐரோப்பா முழுவதும் பயன்படுத்துகிறார்கள். ஐரோப்பிய மன்றமும் யுனெஸ்கோவும் 1997இல் கொண்டுவந்த லிஸ்பன் உடன்படிக்கையின்படி, கணிசமான வேறுபாடு இருந்தால் மட்டுமே வெளிநாட்டுப் படிப்பை மறுக்கலாம். அந்த வேறுபாட்டை நிரூபிக்கும் பொறுப்பும் மறுக்கும் நிறுவனத்தையே சேரும், மாணவரை அல்ல. ஜெர்மனியில் அந்த உடன்படிக்கை 2007ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்திருந்தது. என் துறையின் மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு அது தெரியாது. கடிதத்தில் கையெழுத்திட்டவருக்கும் தெரிந்திருக்காது என்றே இன்றும் நம்புகிறேன். புறப்படும் முன் மாணவர், அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் ஆகிய மூவரும் கையெழுத்திடும் கற்றல் ஒப்பந்தத்தில் உள்ள பாடங்களில் தேர்ச்சி பெற்றால், கூடுதல் தேர்வோ வேலையோ கேட்காமல் அவற்றைப் பட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று கிரெடிட் முறைக்கான வழிகாட்டியே தெளிவாகச் சொல்கிறது. விதியும் படிவமும் இருந்தும் மாணவர்கள் இழப்பது ஏன்? படிவத்தில் கையெழுத்திடுபவர், எதிர்ப்பக்கத்துப் பாடத்தை நடத்துபவரோடு ஒருமுறைகூடப் பேசியிருப்பதில்லை. தான் அறியாத ஒருவரின் தேர்வை நம்பச் சொன்னால், மனச்சாட்சியுள்ள ஆசிரியர்தான் முதலில் தயங்குவார். அந்தத் தயக்கத்தைப் போக்குவதற்குத்தான் பல்கலைக்கழகங்களின் ஒத்துழைப்பு வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அப்படிப்பட்ட ஒத்துழைப்பு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை என் அண்ணன் மகள் வழியாகப் பார்த்தேன். அவள் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் புவியியல் படிக்கிறாள். ஃப்ரைபுர்க், கார்ல்ஸ்ரூஹே, பாசல், ஸ்ட்ராஸ்பூர், மேல் அல்சாஸ் ஆகிய ஐந்து பல்கலைக்கழகங்கள், 1989இல் தொடங்கிய யூகோர் என்ற கூட்டமைப்பில் இருக்கின்றன; ஜெர்மனி, பிரான்சு, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகளில், ரைன் ஆற்றின் இரு கரைகளிலும் பரவியவை அவை. 2015இல் அக்கூட்டமைப்பு தனிச் சட்ட உருவமும் பெற்றது. இந்த ஐந்தில் ஒன்றில் சேர்ந்த மாணவர், மற்ற நான்கிலும் கூடுதல் கட்டணம் இல்லாமல் வகுப்பில் அமரலாம், தேர்வெழுதலாம், கிரெடிட் பெறலாம். சென்ற ஆண்டு அவள் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலையில் ரயிலேறி, முக்கால் மணி நேரத்தில் சுவிட்சர்லாந்தின் பாசலில் இறங்கி, ஒரு பாடம் கேட்டுவிட்டு மாலையில் தன் அறைக்குத் திரும்பினாள். வீட்டைக் காலி செய்யவில்லை. வார இறுதியில் செய்துவந்த பகுதிநேர வேலையை விடவில்லை. ஆறு மாதம் வெளிநாட்டில் தங்க முடியாதவர்களில் பெரும்பாலோரைத் தடுப்பவை இந்த இரண்டும்தான் என்பதால், இதைச் சிறிய விஷயமாக நான் எண்ணவில்லை.

பாசலில் அவள் 5.5 வாங்கினாள். சுவிட்சர்லாந்தில் 6தான் உச்சம். ஜெர்மனியிலோ 5 என்றால் தோல்வி. அந்த எண்ணை என்னிடம் சொன்னபோது ஒரு கணம் நெஞ்சு பதறியது. அவளுடைய துறையில் யாரும் பதறவில்லை. பாசல் துறையோடு முன்பே பேசி முடித்த அட்டவணை அவர்களிடம் இருந்தது; தேர்வு முடிவு வந்த சில வாரங்களுக்குள் ஃப்ரைபுர்க்கின் பதிவில் அந்தப் பாடமும் மதிப்பும் ஏறிவிட்டன. அவள் எந்த விண்ணப்பத்தையும் கையில் ஏந்தி எந்த அறை வாசலிலும் நிற்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2014 பிப்ரவரியில் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தச் சுவிஸ் மக்கள் வாக்களித்ததைத் தொடர்ந்து, எராஸ்மஸ் திட்டத்தில் அந்நாட்டுக்கு இருந்த இடம் பறிபோனது. அதன் பிறகு சுவிஸ் அரசு தன் பணத்தில் ஒரு மாற்றுத் திட்டம் நடத்த, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆனால் பாசலுக்கும் அதன் நான்கு அண்டைப் பல்கலைக்கழகங்களுக்கும் இடையிலான வாசல் மூடப்படவில்லை. அது பிரஸ்ஸல்ஸ், அதாவது ஐரோப்பிய ஒன்றியம், கொடுத்த வாசல் அன்று. ஐந்து நிறுவனங்கள் தாமே திறந்துகொண்டது.

இதைவிட ஆழமான பிணைப்பும் உண்டு. ஜெர்மனியும் பிரான்சும் 1997இல் வைமாரில் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவாக, சார்ப்ரூக்கனைத் தலைமையிடமாகக் கொண்டு பிராங்கோ-ஜெர்மன் பல்கலைக்கழகம் உருவானது. அதற்கென்று வகுப்பறைகள் இல்லை. இரு நாட்டுத் துறைகள் சேர்ந்து உட்கார்ந்து ஒரே பாடத்திட்டத்தை வகுக்கின்றன. மாணவர் இங்கே பாதிக் காலமும் அங்கே பாதிக் காலமும் படித்து, இரண்டு நாட்டுப் பட்டங்களையும் பெறுகிறார். அங்கே கிரெடிட்டை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வியே எழுவதில்லை. மறு கரையில் நடக்கும் பாடமும் சொந்தப் பாடந்தான். எல்லாத் துறைகளும் இப்படிச் செய்ய இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒவ்வொரு துறையும் தன் பாடத்திட்டத்தில் ஒரு செமஸ்டரையாவது கட்டாயப் பாடங்கள் இல்லாமல் வெளியே செல்வதற்கென்று ஒதுக்கி வைப்பதற்கு எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை.

நாட்காட்டியும் ஒத்துழைப்புக்கு உரிய விஷயமே. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் நடுவில் தொடங்கி, தேர்வுகள் பிப்ரவரி வரை நீள்கின்றன. பிரான்சில் பல இடங்களில் ஜனவரியிலேயே அடுத்த செமஸ்டர் தொடங்கிவிடுகிறது. இடையில் மாட்டிக்கொள்ளும் மாணவர், ஒன்று இங்கே தேர்வை விட வேண்டும், அல்லது அங்கே முதல் சில வாரங்களை விட வேண்டும். பாசலில் வகுப்புகள் செப்டம்பர் நடுவிலேயே தொடங்கியதால், அண்ணன் மகளும் தன் விடுமுறையில் ஒரு மாதத்தை விட்டுக்கொடுத்தாள். மான்ஹைம் பல்கலைக்கழகம் 2006இலேயே தன் செமஸ்டர்களைச் செப்டம்பருக்கும் பிப்ரவரிக்கும் மாற்றிக்கொண்டது. ஜெர்மனியின் பிற பல்கலைக்கழகங்கள் அதைப் பின்பற்றாதது எனக்கு வருத்தமே.

நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, ஓர் உறுப்பு நாட்டில் மாணவர் அனுமதியுடன் படிக்கும் இந்தியர் அல்லது இலங்கையர், இன்னோர் உறுப்பு நாட்டில் 360 நாட்கள் வரை தனி விசா இல்லாமல் படிக்கலாம். அயர்லாந்தும் டென்மார்க்கும் இதில் இல்லை. ஆனால் எராஸ்மஸ் போன்ற ஒரு திட்டத்தின் கீழோ, இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தின் கீழோ செல்பவருக்குத்தான் இந்த உரிமை. 2009இல் நான் பிரெஞ்சு விசாவுக்காகச் செலவிட்ட வாரங்களை நினைத்துப் பார்க்கும்போது, ஐரோப்பியரல்லாத மாணவருக்கு அந்த ஒப்பந்தம் எவ்வளவு பெரிய சலுகை என்பது விளங்குகிறது. சேரும் முன்பே, தாம் சேரவிருக்கும் துறைக்கு யார் யாரோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று நம் பிள்ளைகள் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

2017இல் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் முன்வைத்த யோசனையிலிருந்து, பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து செயல்படும் ஐரோப்பியப் பல்கலைக்கழகக் கூட்டணிகள் பிறந்தன. 2019இல் பதினேழாகத் தொடங்கிய அவை இன்று அறுபதைக் கடந்து, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஒரு கவலையும் உண்டு. துணைவேந்தர்கள் சந்திக்கும் அளவுக்குத் துறை ஆசிரியர்கள் சந்திப்பதில்லை. பரிமாற்ற ஒருங்கிணைப்பாளர் என்ற பொறுப்பு பெரும்பாலும், கற்பித்தல் நேரத்தில் எந்தக் குறைப்பும் இல்லாமல், ஏற்கெனவே வேலை நிறைந்த ஓர் ஆசிரியரின் தலையில் விழுகிறது. கூட்டணிக்கு வரும் பணத்தில் ஒரு பகுதியை, அவர் ஆண்டுக்கொருமுறை எதிர்ப்பக்கத் துறைக்குச் சென்று மூன்று நாள் தங்கி, அங்கே உள்ள வினாத்தாள்களையும் திருத்திய விடைத்தாள்களையும் பார்த்து வருவதற்குச் செலவிட்டால், எந்த இணையதளமும் தராத நம்பிக்கை அதிலிருந்து வரும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. நான் பார்த்த பல்கலைக்கழக ஆண்டறிக்கைகள் எல்லாம், எத்தனை மாணவர் சென்றார்கள், எத்தனை மாணவர் வந்தார்கள் என்று எண்ணிச் சொல்கின்றன. சென்றவர்கள் அங்கே ஈட்டிய கிரெடிட்டுகளில் எத்தனை தாய்த் துறையின் பட்டத்தில் சேர்ந்தன என்பதையும், துறை வாரியாக, ஒவ்வோர் ஆண்டும் வெளியிட வேண்டும். அதைச் சேகரிப்பது கடினமன்று. இரண்டு எண்களும் பல்கலைக்கழகத்தின் பதிவுகளிலேயே இருக்கின்றன. 2009க்கு அப்படி ஓர் அட்டவணை இருந்திருந்தால், என் துறைக்கு நேரே என் பங்காக 30க்கு 12 என்று பதிவாகியிருக்கும்.