கினபாலு: ஏறுவதற்கு முன் எழுதியவை

2024 நவம்பர் 4

தீபாவளி முறுக்கு டப்பா இன்னும் காலியாகவில்லை, அதற்குள் சித்தப்பா மகன், என் தம்பி, வந்து உட்கார்ந்து, "அக்கா, ஏப்ரல்ல கினபாலு போலாமா?" என்றான். சபாவில் இருக்கும் மலேசியாவின் மிக உயரமான மலை அது. சரி என்று சொல்லிவிட்டேன். ராத்திரி உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது, இந்த மலைக்கு நாள் குறிப்பது நாமில்லை, மேலே இருக்கும் தங்குமிடத்தின் கட்டில்தான். 3,270 மீட்டர் சொச்சத்தில் பனலாபான் என்ற இடத்தில் ஒரு ராத்திரி தங்கித்தான் உச்சிக்குப் போக முடியும், அங்கே எத்தனை படுக்கை காலியோ அத்தனை பேருக்குத்தான் இடம். விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை முதலில் வாங்கிவிட்டு, பிறகு படுக்கை கிடைக்காமல் கோத்தா கினபாலு கடற்கரையில் மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். நமக்கு அது வேண்டாம். படுக்கை உறுதியான பிறகுதான் டிக்கெட்.

நவம்பர் 19

ஏப்ரல் நடுவில் இரண்டு படுக்கை கிடைத்துவிட்டது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அங்கே மழை கொஞ்சம் குறைவு, நோன்புப் பெருநாள் கூட்டமும் அதற்குள் வீடு திரும்பியிருக்கும். தங்குமிடம், பூங்கா நுழைவு, ஏறும் அனுமதி, காப்புறுதி, மலிம் குனோங் எனப்படும் மலை வழிகாட்டி (அவர் இல்லாமல் ஏற விடமாட்டார்கள்) என்று தனித்தனியாகக் கட்டணம். மலேசியர்களுக்குக் குறைவுதான், ஆனாலும் கூட்டினால் ஆளுக்கு ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டுகிறது. நம் நூறு வெள்ளித் தாளின் பின்பக்கத்தில் அந்த மலையைப் போட்டிருப்பதன் காரணம் இப்போது புரிகிறது.

டிசம்பர் 8

இன்று கணக்குப் பார்த்தேன். ஏறத் தொடங்கும் திம்போஹான் வாசல் 1,866 மீட்டரில் இருக்கிறது, அங்கிருந்து பனலாபானுக்கு 6 கிலோமீட்டர், மறுநாள் அதிகாலை இரண்டு, இரண்டரைக்குக் கிளம்பி இன்னும் 2.7 கிலோமீட்டர் நடந்தால் 4,095 மீட்டர் உச்சி. எல்லோரும் இதோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். அதே நாளில் 8.7 கிலோமீட்டர் இறங்கவும் வேண்டும். அதாவது தூக்கமில்லாத காலோடு, ஒரே மூச்சில், 2,200 மீட்டருக்கு மேல் இறக்கம், அதில் பெரும்பகுதி படி, அதுவும் ஒன்று முழங்கால் உயரம் இன்னொன்று கணுக்கால் உயரம். போய்வந்தவர்கள் யாரைக் கேட்டாலும் மூச்சு வாங்கியதைப் பற்றி இரண்டு வரி சொல்கிறார்கள், மூட்டு வலியைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறார்கள்.

அதனால் என் பயிற்சியை மாற்றிவிட்டேன். எங்கள் அடுக்குமாடியில் லிஃப்டில் மேலே போய், படியில் மெதுவாக இறங்குவது, மறுபடி லிஃப்ட். கீழ்வீட்டு ஆண்ட்டி, "லிஃப்டு சரியாத்தானே ஓடுது?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

2025 ஜனவரி 12

பயிற்சிக்குக் குனோங் நுவாங் (குனோங் என்றால் மலாயில் மலை). 1,493 மீட்டர், சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்று. உலு லங்காட் பக்கமிருந்து ஏறினால் முதலில் வரும் அந்த மண்சாலை இருக்கிறதே, வெயிலில் அது முடியவே முடியாது, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை என்கிற மாதிரி மனிதனை ஏமாற்றிக்கொண்டே போகும், அதன் பிறகு வேரைப் பிடித்து ஏறுகிற பகுதி வரும்போது அப்பாடா என்றிருக்கும். அட்டை கடித்தது. இறங்கும்போது தம்பி பின்பக்கமாக நடந்து பார்த்தான். ஊன்றி இறங்கக் கம்பு இரண்டு வாங்கிக்கொள் என்றேன்.

பிப்ரவரி 12

நேற்று தைப்பூசம். பத்துமலையின் 272 படியைப் பால்குடத்தோடு ஏறி இறங்கிய அம்மா, "இதையே ஏறிட்டேன், உனக்கு எதுக்கு இவ்வளவு பயிற்சி?" என்கிறார். அந்தக் கேள்விக்குப் பின்னால் பயம் இருப்பது எனக்குத் தெரியும். 2015 ஜூன் 5 காலையில் 6.0 அளவில் நிலம் அதிர்ந்து கினபாலுவில் 18 பேர் இறந்ததை அவர் மறக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள், கூடப் போன ஆசிரியர்கள், வழிகாட்டிகள். உதவி மேலே போய்ச் சேருவதற்குள் அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களும் அந்த ஊர் டூசுன் இனத்து வழிகாட்டிகள்தான். அதற்குப் பிறகு பாதையின் ஒரு பகுதியைப் புதிதாகப் போட்டு, அந்த டிசம்பரில்தான் உச்சிவரை மறுபடி திறந்தார்கள். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மறைக்கவில்லை. நிலநடுக்கத்துக்கு முன்னறிவிப்பு கிடையாது, மழைக்கும் காற்றுக்கும் உண்டு, காற்று மோசமென்றால் உச்சிக்கு விடமாட்டார்கள், விடவில்லையென்றால் வாதாடாமல் இறங்கிவிடுவோம் என்றேன். "சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன்.

மார்ச் 9

மருத்துவரைப் பார்த்தேன். இந்த மலையில் ஒரு சங்கடம்: காலையில் கடல் மட்டத்தில் பசியாறிவிட்டு ராத்திரி 3,270 மீட்டரில் படுப்பவர்கள் உண்டு, உடம்புக்குப் பழக நேரமே இல்லை. உச்சியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடுதான். உயரத்தால் வரும் கோளாறைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை எழுதிக்கொடுத்தார், சல்ஃபா மருந்து ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேட்டுக்கொண்டுதான். விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், கோலா குடித்தால் சப்பென்றிருக்கும் என்றார். தலைவலி கூடி வாந்தியும் வந்தால் மாத்திரையை நம்பி உட்காராதே, இறங்கு என்பதையும் சேர்த்தே சொன்னார். நாங்கள் முந்தின இரவு பூங்காத் தலைமையகத்தின் பக்கத்திலேயே தங்குகிறோம், அது 1,500 மீட்டருக்கு மேலே. ஒரு ராத்திரிதான், இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

மார்ச் 30

சாமான். மலையேறும் காலணிக்கு ஐந்நூறு வெள்ளி கேட்கிறார்கள். அந்த மலையில் தினமும் சுமை தூக்குபவர்கள் பலர் போடுவது 'அடிடாஸ் கம்போங்', அதாவது ரப்பர் தோட்டத்தில் தாத்தா போட்ட அதே கறுப்பு ரப்பர் காலணி, ஈரப் பாறையில் அப்படிப் பிடிக்குமாம். நான் அதையே வாங்கினேன், கூட ஒரு தடித்த காலுறை. தம்பி ஐந்நூறு வெள்ளிக்காரன்.

கையுறையில் அவனோடு சண்டை. கம்பளிக் கையுறை அழகாக இருக்கிறது, ஆனால் மேலே பனலாபானைத் தாண்டியதும் கயிற்றைப் பிடித்துப் பாறையில் ஏற வேண்டிய இடம் வருகிறது, கயிறு நனைந்திருந்தால் கம்பளியும் நனையும், சூரியன் வருமுன் வெப்பம் சுழியத்தை ஒட்டி இருக்கும். இரும்புக்கடையில் உள்ளங்கையில் ரப்பர் பூசிய வேலைக் கையுறை விற்கிறார்கள், அதற்குள்ளே மெல்லிய ஒன்று போட்டால் போதும். தலைவிளக்கு, மாற்று பேட்டரி, மழைச்சட்டை, முழங்கால் பட்டை.

ராத்திரி கொஞ்சம் வரலாறு படித்தேன். உச்சிக்கு 'லோ முனை' என்று பெயர், ஆனால் 1851-இல் ஏறிய பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ அந்த முனையைத் தொடவே இல்லை. தொட்டவர் 1888-இல் போன ஜான் வைட்ஹெட், அவர் பெயர் யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 13

நாளை சித்திரைப் புத்தாண்டு, புதன்கிழமை விமானம். மைகார்டை (அடையாள அட்டை) இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். சபாவில் இறங்கினால் நம் நாட்டுக்காரரும் குடிநுழைவு முகப்பில் நின்றுதான் போக வேண்டும்.

பையை நிறுத்துப் பார்த்தோம். சுமைக்குக் கிலோ கணக்கில் காசு வாங்குகிறார்கள், தம்பி தானே தூக்குவதாகச் சொல்கிறான், ஆண்பிள்ளை கௌரவம். நான் தூங்கும் உடுப்பு, மாற்றுத்துணி எல்லாவற்றையும் ஆளிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரும் மழைச்சட்டையும் மட்டும் முதுகில் வைத்துக்கொள்ளப் போகிறேன். காசு போனால் போகட்டும், முழங்கால் எனக்கு வேண்டும். அம்மா புளிச்சாதம் கட்டித் தருகிறேன் என்கிறார், புதன்கிழமை கட்டியது வியாழக்கிழமை மலைக்குத் தாங்காது, அதனால் பொரிமா உருண்டையாக மாற்றிக்கொண்டோம்.